மொட்டைமாடியிலிருந்து ஒரு சாட்சியம்

 

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒரு தாயாருடையது இப்பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டது. கல்லூரியில் பயிலும் அவருடைய மகன், சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கியிருக்கிறான். இரவில் மொட்டைமாடியே அவனுக்கு வீடாகிவிட்டது. வாரக்கணக்கில் விழித்திருந்து அவன் எடுத்த வியாழன் கிரகத்தின் படம், துவரம் பருப்பளவில் மங்கலாய், இரண்டு பழுப்புக் கோடுகளோடு இருக்கிறது. அவனுடைய தங்கையோ கைப்பேசியை நிலவை நோக்கி நீட்டினாள். கண்ணிமைக்கும் நேரத்தில் குழியும் மேடும் பளிச்சிடும் முழுநிலவு திரையில் வந்து நின்றது. “அப்படியிருக்க இவன் எதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறான்? இதனால் யாருக்கு என்ன பயன்?” என்பது அத்தாயின் கேள்வி.

கேள்வி நியாயமானது. பணமும் உறக்கமும் செலவாகும் எந்தப் பொழுதுபோக்கைக் குறித்தும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியே அது. ஆனால் அந்த இரண்டு படங்களையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதற்கு முன்னர், ஒவ்வொன்றும் எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சற்று விசாரிக்க வேண்டும்.

வில்லை ஒன்று எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பது அதன் அகலத்தைப் பொறுத்தது. இஃது ஒளியின் இயல்பு. எந்த நிறுவனமும் எவ்வளவு விலை வைத்தாலும் இதனை மீற இயலாது. நிலவு நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் உள்ளது. ஐந்து மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு வில்லையைக் கொண்டு அங்கே நோக்கினால், ஏறத்தாழ 40 கி.மீ.க்குக் குறைந்த எதனையும் தனியாகப் பிரித்தறிய முடியாது. ஆறு அங்குல, அதாவது 150 மில்லிமீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியோ, காற்று ஒத்துழைத்தால், ஒன்றரை கி.மீ. அளவு வரை காட்டிவிடும். அப்படியானால் உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசிக்கு அத்தனை குழிகளும் எங்கிருந்து கிடைத்தன?

2023 மார்ச் மாதத்தில் ஒருவர் இதனைச் சோதித்துப் பார்த்தார். நிலவின் படமொன்றை எடுத்து, அதிலுள்ள குழிகளெல்லாம் கரைந்துபோகும் அளவுக்குச் சுருக்கி, வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்தார். அறையின் விளக்கை அணைத்துவிட்டு, மறுகோடியில் நின்று, பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் கைப்பேசியால் அந்த மங்கல் வட்டத்தைப் படம் எடுத்தார். கைப்பேசி தந்த படத்திலோ குழிகள் தெளிவாக இருந்தன! திரையில் இல்லாதது படத்தில் எப்படி வந்தது? கைப்பேசிக்கு ஏற்கெனவே நிலவின் படங்கள் பலவும் பயிற்றுவிக்கப்பட்டிருந்தன. ‘இது நிலவு’ என்று கண்டுகொண்டதும், நிலவில் இருக்க வேண்டியவற்றை அதுவே நிரப்பிக்கொடுத்தது. காட்சியை அடையாளங்கண்டு விவரங்களை மேம்படுத்தும் செயற்கை நுண்ணறிவு அதில் இயங்குகிறது என்று அந்நிறுவனமும் விளக்கம் அளித்தது. எல்லாக் கைப்பேசிகளும் இவ்வாறே செய்கின்றன என்று நான் கூற வரவில்லை. தங்கை காட்டிய படம் அழகாகவும் இருக்கலாம். ஆயினும் அன்றிரவு அந்த மாடியிலிருந்து பார்த்தது எவ்வளவு, முன்பே படித்து வைத்திருந்தது எவ்வளவு என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. அண்ணனின் துவரம் பருப்பிடம் கேட்டால் வரும்.

தொலைநோக்கி வழியாக வானத்தைப் படம் பிடிக்கும் கலை, புகைப்படக் கலையோடு உடன்பிறந்தது எனலாம். பிரான்ஸில் தகேரின் செய்முறை 1839-ல் உலகுக்கு வெளியிடப்பட்டது. மறு ஆண்டே, 1840-ல், நியூயார்க்கில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜான் வில்லியம் டிரேப்பர், வெள்ளி பூசிய தகட்டில் இருபது நிமிடங்கள் ஒளி விழச்செய்து நிலவின் உருவத்தைப் பதித்தார். 1851-ல் ஹார்வர்டு வானாய்வகத்தின் 15 அங்குலத் தொலைநோக்கியில் விப்பிளும் பாண்டும் எடுத்த நிலவுப் படங்கள் லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டு வியந்து பார்க்கப்பட்டன. அதன் பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பிலிமும் தகடும் எவ்வளவோ முன்னேறின. எனினும் கிரகங்களைப் பொறுத்தவரை ஒரு முட்டுக்கட்டை நகரவேயில்லை. கண்ணால் பார்க்கும்போது ஒரு கணம் தெளிவாகத் தெரிந்து மறையும் விவரம், பிலிமில் பதியும்போது கரைந்துவிடும்.

காரணம் நமக்கு மேலே உள்ள காற்று. தெளிந்த குளத்தின் அடியில் கிடக்கும் நாணயத்தைப் பாருங்கள். நீர் அசையும்போதெல்லாம் அது நெளிகிறது, நீள்கிறது, இரண்டாகிறது. நாமோ காற்றுக் கடலின் அடியில் நின்று மேலே பார்க்கிறோம். சூடும் குளிருமாகக் கலந்து ஓடும் காற்று, வந்துசேரும் ஒளியை நொடிக்குப் பல முறை மடக்கிக் கலைக்கிறது. நட்சத்திரம் மினுக்குவதும் இதனால்தான். நியூட்டன் 1704-ல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே இந்த இடையூற்றைக் குறிப்பிட்டு, உயர்ந்த மலையுச்சியின் அமைதியான காற்றே இதற்கு மருந்து என்று எழுதிவிட்டார். நிலவாவது வானில் அரைப் பாகை அகலம் உடையது. வியாழன் மிக அருகில் வரும்போதுகூட நிலவின் விட்டத்தில் ஏறத்தாழ முப்பத்தாறில் ஒரு பங்குதான். அத்தனை சிறிய வட்டம் காற்றில் நெளிந்தால் மிஞ்சுவது என்ன? விநாடிக்கணக்கில் திறந்திருக்கும் கேமரா, நெளிவுகள் அனைத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, ஒரு மங்கல் உருண்டையைத் தந்தது.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர்கள் பெரும் ஆய்வகத்தினர் அல்லர் என்பதே எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 2000-ஆம் ஆண்டையொட்டி, கணினியில் முகம் பார்த்துப் பேசுவதற்காக விற்கப்பட்ட மலிவான வெப்கேம்களைச் சில ஆர்வலர்கள் பிரித்து, அதன் வில்லையைக் கழற்றிவிட்டுத் தொலைநோக்கியின் பின்புறம் பொருத்தினார்கள். அது தனிப்படம் எடுப்பதில்லை. சலனப்படமாக நூற்றுக்கணக்கில் அள்ளித் தள்ளும். காற்று எவ்வளவுதான் குழம்பியிருந்தாலும் இடையிடையே ஒரு கணம் அமைதி கொள்ளும். அந்தக் கணத்தில் பதிந்த படம் தெளிவாக இருக்கும். டேவிட் ஃப்ரீட் என்பார் அத்தகைய நல்ல கணம் வாய்ப்பதற்குரிய நிகழ்தகவை 1978-லேயே கணக்கிட்டு வைத்திருந்தார். இன்றைய சிறு கேமராக்கள் விநாடிக்கு நூறு படங்களும் அதற்கு மேலும் எடுக்கும். மூன்று நிமிடங்களில் பதினெட்டாயிரம்! அவற்றையெல்லாம் கணினி தரம்பிரித்து, தெளிவான இரண்டாயிரத்தையோ மூவாயிரத்தையோ பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி அடுக்கிச் சராசரி காண்கிறது. தனிப்படத்தில் மணல் தூவினாற்போல் இருக்கும் கலக்கம், நானூறு படங்களை அடுக்கினால் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இதற்கான மென்பொருள்களை எழுதி உலகுக்கு இலவசமாக வழங்கியவர்களும் ஆர்வலர்களே. நெதர்லாந்து நாட்டினர் எழுதிய ‘ரெஜிஸ்டாக்ஸ்’, ‘ஆட்டோஸ்டாக்கர்ட்’ ஆகிய இரண்டும் அவற்றுள் புகழ்பெற்றவை.

மூன்று நிமிடங்கள் என்றேனே, அதற்கும் காரணம் உண்டு. வியாழன் பத்து மணி நேரத்திற்குள்ளாகத் தன்னைத்தானே ஒரு முறை சுற்றிவிடுகிறது. அதற்கு மேல் படம் பிடித்துக்கொண்டிருந்தால் மேகப் பட்டைகள் இழுபட்டுப் போகும். ஒரே இரவில் மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிட்டு எடுப்பவர், அக்கிரகத்தின் முகம் திரும்புவதைத் தம் கண்ணாலேயே காணலாம்.

பதினெட்டாயிரத்தில் பதினைந்தாயிரத்தைத் தள்ளிவிட்டு எஞ்சியதைக் காட்டுவது ஏமாற்று வேலை ஆகாதா என்று சிலர் ஐயுறக்கூடும். ஹதீஸ் கலை ஓதிய குடும்பத்தார்க்கு இந்த ஐயம் எழாது. பலவீனமான அறிவிப்பை ஒதுக்குவது வேறு. இல்லாததை இட்டுக்கட்டுவது வேறு. உவமை உவமையளவில் நிற்கட்டும். தள்ளப்பட்ட படங்களும் வியாழனிடமிருந்து வந்த ஒளிதான். வழியில் காற்றிடம் சிக்கிச் சிதைந்தவை. எடுத்துக்கொள்ளப்பட்டவற்றில் வெளியிலிருந்து ஒரு புள்ளியும் சேர்க்கப்படவில்லை.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது என்பதற்கு வருவோம். ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மர்ரம்பேட்மன் என்னும் சிற்றூரில், ஆண்டனி வெஸ்லி என்ற கணினி நிரலாளர் வாழ்கிறார் என்பது 2009 வரை உலகுக்குத் தெரியாது. வீட்டுப் புறத்தே 14.5 அங்குல ஆடி பொருத்திய தொலைநோக்கி வைத்து வியாழனைப் படம் பிடிப்பது அவர் வழக்கம். அவ்வாண்டு ஜூலை 19 இரவு காற்று சரியில்லை. மூட்டை கட்டிவிடலாம் என்று எண்ணியவர், சற்று ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் வந்தார். வியாழனின் தென்துருவத்தருகே ஒரு கரும்புள்ளி தலைகாட்டியிருந்தது. துணைக்கோளின் நிழலாக இருக்குமோ? நிழலானால் வேகமாக நகரும். இதுவோ கிரகத்தின் சுழற்சியோடு ஒட்டியே சென்றது. இரண்டு இரவுகளுக்கு முன் தாமே எடுத்திருந்த படங்களைப் புரட்டினார். அவ்விடத்தில் ஒன்றும் இல்லை. உடனே வானியலார்க்குச் செய்தி அனுப்பினார். ஹவாய்த் தீவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி மறுநாள் அதனை உறுதி செய்தது. ஜூலை 23 அன்று ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியே அப்பக்கம் திருப்பப்பட்டது. ஏதோ ஒரு விண்பாறை வியாழனில் மோதி ஏற்படுத்திய தழும்பு அது. அதன் பரப்பைப் பசிபிக் பெருங்கடலோடு ஒப்பிட்டார்கள். 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி வால்வெள்ளி துண்டுதுண்டாக வியாழனில் விழுந்தது வாசகர் பலருக்கும் நினைவிருக்கும். அப்போது உலகமே காத்திருந்து பார்த்தது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து நிகழ்ந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. கண்டு சொல்ல ஒரு மனிதர் விழித்திருந்தார். இரண்டு நாள் பழைய படத்தை அவர் அழித்துவிடாமல் தேதியிட்டு வைத்திருந்ததும் கவனிக்கத்தக்கது. ‘நேற்று இல்லை, இன்று இருக்கிறது’ என்று சொல்ல அவருக்கு முடிந்தது அதனால்தான்.

மறு ஆண்டு நிகழ்ந்தது இதனினும் வியப்பு. 2010 ஜூன் 3, உலகப் பொது நேரப்படி இரவு 8 மணி 31 நிமிடம். நம் ஊரில் அப்போது நள்ளிரவு கடந்து இரண்டு மணி, தஹஜ்ஜுத்துடைய நேரம். அதே வெஸ்லி ஆஸ்திரேலியாவில் வியாழனைப் பதிவு செய்துகொண்டிருக்கையில் கிரகத்தின் மேல் ஓர் ஒளி பளிச்சிட்டு, இரண்டு விநாடிகளில் அணைந்துவிட்டது. தழும்பு எதுவும் விழவில்லை. இரண்டு விநாடி ஒளியை ஒருவர் மட்டும் கண்டதாகக் கூறினால் யார் ஏற்பார்? கேமராவின் கோளாறு என்பார்கள். தொலைநோக்கியின் குறுக்கே ஏதோ பறந்தது என்பார்கள். ஆயிரக்கணக்கான கி.மீ.க்கு அப்பால் பிலிப்பைன்ஸின் செபு நகரில் கிறிஸ்டோபர் கோ என்பவரும் அதே நேரத்தில் வியாழனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வெஸ்லியின் செய்தியைக் கேள்வியுற்றதும் தம் பதிவைத் திருப்பிப் பார்த்தார். அதே விநாடியில், அதே இடத்தில், அதே ஒளி! ஒருவரையொருவர் கலந்துகொள்ளாத இரண்டு சாட்சிகள். சுமார் பத்து மீட்டர் அளவுள்ள சிறு பாறை வியாழனின் வளிமண்டலத்தில் எரிந்தது என்று அந்த இரண்டு பதிவுகளைக் கொண்டே அறிஞர்கள் கணித்தார்கள். அத்தகைய சிறு மோதலின் ஒளி பூமியிலிருந்து பதிவானது அதுவே முதன்முறை. இந்தக் கிறிஸ்டோபர் கோ மரச்சாமான் தொழில் செய்பவர். வியாழனில் வெண்ணிறமாயிருந்த ஒரு பெரும் புயல் சிவந்துவிட்டதை 2006 பிப்ரவரியில் முதலில் கண்டு சொன்னவரும் இவரே.

2012 செப்டம்பர் 10-ல் இன்னொன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் டேன் பீட்டர்சன் என்பவர் கேமரா எதுவுமின்றிக் கண்ணால் வியாழனைப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஓர் ஒளியைக் கண்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, செய்தி வெளியிட்டார். டெக்சாஸில் ஜார்ஜ் ஹால் என்பவர் தம் பதிவைத் தேடிப்பார்க்க, அந்த ஒளி அதில் இருந்தது. கண் சொன்னதற்குப் படம் சாட்சி கூறியது. 2010 டிசம்பரில் சனிக் கிரகத்தில் மாபெரும் வெண்புயல் கிளம்பியபோது அதன் தொடக்க நாட்களைப் படம் பிடித்துக் கொடுத்தவர்களுள் ஜப்பான், ஈரான் நாட்டு ஆர்வலர்கள் இருந்தார்கள். வியாழனுக்கு 2016-ல் சென்றடைந்த ஜூனோ விண்கலத்தின் கேமராவை எங்கு திருப்புவது என்று திட்டமிடுவதற்கும் இவ்வார்வலர்களின் படங்கள் உதவின. பெரிய தொலைநோக்கிகளுக்கு ஆயிரம் அலுவல்கள். ஒரே கிரகத்தை இரவுதோறும் பார்த்துக்கொண்டிருக்க அவற்றுக்கு நேரமில்லை. அந்த இடைவெளியை நிரப்புகிறவர்கள் இவர்களே. ஸ்பெயினின் பாஸ்க் பல்கலைக்கழகம் இவர்களின் கிரகப் படங்களைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறது.

அன்புத் தாயே! உங்கள் மகன் நாளையே ஒரு மோதலைக் கண்டுபிடித்துவிடுவான் என்று நான் ஆசைகாட்ட மாட்டேன். அவனுடைய மங்கலான இரண்டு பழுப்புக் கோடுகளும் வியாழனின் மெய்யான மேகப் பட்டைகள் என்பதை மட்டும் கூறுவேன்.

இக்கலையில் ஒரு கண்ணி இருக்கிறது. அதனையும் மறைக்கக் கூடாது. அடுக்கிய படத்தைக் கணினியில் கூர்மையாக்குவது ஒரு வேலை. அளவோடு செய்தால் மங்கலில் புதைந்திருந்த விவரம் மேலே வரும். ஆசை மிகுந்து திருகிக்கொண்டே போனால், இல்லாத விவரமும் வரத் தொடங்கும். செவ்வாயின் ஒளிமிக்க விளிம்பை ஒட்டி உட்புறமாக ஒரு போலி வளையம் தோன்றுவது இவ்வாறுதான். அனுபவமுடையவர்கள் கண்டதும் சிரிப்பார்கள், புதியவர் கண்டுபிடிப்பு என்று மகிழ்வார். செவ்வாய்க்கு இதில் பழைய வரலாறே உண்டு. அங்கே அறிவுடைய உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் இருப்பதாக அமெரிக்கர் பெர்சிவல் லொவல் உறுதியாக நம்பினார். அவருடைய ஆய்வகத்தில் லாம்ப்லாண்ட் என்பவர் 1905-ல் எடுத்த செவ்வாய்ப் படங்கள் மிகச் சிறியவை. நம்பியவர்கள் அவற்றில் கால்வாய்களைக் கண்டார்கள். நம்பாதவர்கள் காணவில்லை. 1909-ல் பாரிஸ் அருகே மியூடனில் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கி வழியாக, காற்று அமைதியாயிருந்த இரவில், அந்தோனியாதி பார்த்தார். நேர்கோடுகள் கலைந்து ஒழுங்கற்ற திட்டுகளாயின. 1965-ல் மாரினர் 4 விண்கலம் அருகே சென்று அனுப்பிய படங்களில் குழிகள்தாம் இருந்தன. படம் பொய் சொல்லவில்லை. பார்த்தவர்களின் ஆசை படத்திற்குள் புகுந்துகொண்டது. இன்று அந்த ஆசையைக் கணினி நமக்காகச் செய்து கொடுக்கிறது என்பதே வேறுபாடு. நீலமும் ஆரஞ்சும் அள்ளிப் பூசிய நிலவுப் படங்கள் என் கண்ணுக்கு உவப்பதில்லை. ஆயினும் ‘வண்ணத்தை மிகைப்படுத்தியுள்ளேன்’ என்று எடுத்தவர் எழுதிவிட்டால் குறைசொல்ல ஏதுமில்லை.

பிறையைப் பற்றி ஒரு சொல். நம் இல்லங்களில் நிலவு என்றதும் முதலில் எழும் பேச்சு அதுவன்றோ! பிரான்ஸ் நாட்டின் தியெரி லெகோ, இக்கலையில் கைதேர்ந்தவர். 2013 ஜூலை 8 அன்று, சந்திரன் சூரியனோடு கூடி அமாவாசை நிகழும் அதே நிமிடத்தில், பட்டப்பகலில், பாரிஸுக்கு அருகே எலன்கூரில் இருந்து அவர் பிறையைப் படம் பிடித்துவிட்டார். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே அப்போது நாலரைப் பாகைக்கும் சற்றுக் குறைவான இடைவெளி. ஏழு பாகைக்குக் கீழே பிறை கண்ணுக்குப் புலப்படாது என்பது வானியலார் நெடுங்காலமாகக் கொண்ட கணக்கு. அப்படியானால் எப்படி முடிந்தது? சூரிய ஒளி தொலைநோக்கிக்குள் விழாதவாறு துளையிட்ட மறைப்பொன்றை முன்னே நிறுத்தினார். வானத்தின் நீல வெளிச்சம் குறையும் அகச்சிவப்பு ஒளியில் எடுத்தார். பல படங்களை அடுக்கினார். தலைமுடி போன்ற ஒரு கீற்று கிடைத்தது. எந்த மனிதக் கண்ணும் அதனைக் கண்டிருக்க இயலாது. ஆகவே ‘படத்தில் வந்துவிட்டது’ என்பதும் ‘பிறை தென்பட்டது’ என்பதும் இரண்டு வேறு கூற்றுகள். பிறைச் சட்டத்தில் எதற்கு என்ன இடம் என்று கூறுவது உலமாப் பெருமக்களின் பணி. இப்பக்கத்தின் பணி அன்று. இதனைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையும் பகலில் சூரியனுக்கு அருகே தொலைநோக்கியைத் திருப்பக் கூடாது. ஒரு நொடியில் கண்பார்வை நிரந்தரமாகப் போய்விடும். வீட்டில் தொலைநோக்கி இருந்தால் பகலில் அதன் வாயை மூடி வைத்திருப்பது தாய்மார்களின் கண்டிப்பாக இருக்கட்டும்.

மற்றபடி நம் மாநிலம் இக்கலைக்கு வாய்த்த இடம். தமிழகம் நிலநடுக்கோட்டுக்கு அருகே, 8 முதல் 13½ பாகை வரை உள்ளது. வியாழனும் சனியும் நமக்கு எந்த ஆண்டிலும் வானில் நல்ல உயரத்திலேயே கடந்துசெல்லும். ஒளி குறுக்கிடும் காற்றும் குறைவு. லண்டனில் இருப்பவருக்குச் சில ஆண்டுகளில் அவை கூரைகளுக்குச் சற்று மேலேதான் ஊர்ந்து போகும். அதனால் டேமியன் பீச் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய ஆர்வலர், தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மேற்கிந்தியத் தீவான பார்பேடோஸ் வரை சென்று படம் எடுத்தார். நமக்கு மாடிப்படி ஏறினால் போதும். நகர விளக்குகளும் தடையல்ல. நிலவும் கிரகங்களும் தாமே ஒளி மிக்கவை. சென்னை மண்ணடியின் மாடியும் மலைக்காட்டுக்குச் சமானமே. தடை வேறிடத்தில் உள்ளது. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் தளம் மஃரிபுக்குப் பின் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்நேரம் படம் கொதிநீரில் மிதப்பது போல ஆடும். தளத்தில் ஈரச் சாக்கு விரித்தோ, தோட்டத்து மண்தரையில் வைத்தோ சமாளிக்கலாம். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியில் வைத்துக் குளிரவிட வேண்டும். நட்சத்திரங்கள் வெகுவாக மினுக்கும் இரவு, பார்க்க அழகு, படத்திற்கு ஆகாது. லேசான பனிமூட்டத்தோடு காற்றசையாமல் கிடக்கும் இரவே கிரகங்களுக்கு உகந்தது.

தனிக் கேமரா வாங்க வசதி இல்லையெனில், ஐபீஸ் எனப்படும் கண்ணருகு வில்லைக்குப் பின்னே கைப்பேசியைப் பொருத்தும் பிடிப்பான் கிடைக்கிறது. கைப்பேசியின் ‘தானே மேம்படுத்தும்’ ஏற்பாடுகளை அணைத்துவிட்டுச் சலனப்படமாக எடுத்து, இலவச மென்பொருளில் அடுக்கினால் போதும். ஃபஜ்ரு தவறுமே என்று கவலைப்படும் பெற்றோருக்கும் ஒரு செய்தி: வியாழன் பதின்மூன்று மாதங்களுக்கு ஒரு முறை சூரியனுக்கு நேர் எதிரே வந்து நள்ளிரவில் உச்சியில் நிற்கும். அது கழிந்து இரண்டு மாதம் பொறுத்தால் இஷாத் தொழுகையை ஒட்டியே உச்சிக்கு வந்துவிடும். பத்து மணிக்குப் பையன் படுத்துவிடலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, மணி, நிமிடம், ஊர், தொலைநோக்கியின் அளவு, கணினியில் செய்த மாற்றம் ஆகியவற்றை எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதப்படாத படம், கையொப்பமில்லாத கடிதம் போன்றது.

முதலில் நிலவிலிருந்து தொடங்குவதே முறை. பௌர்ணமி வேண்டாம், அன்று சூரியன் நேரே விழுவதால் நிழலின்றி முகம் தட்டையாகிவிடும். ஹிஜ்ரி மாதத்தின் ஏழு, எட்டாம் இரவுகளில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் மீது தொலைநோக்கியை நிறுத்துங்கள். நடுவிலிருந்து சற்றுத் தெற்கே பெரிய குழிகள் மூன்று வரிசையாகத் தென்படும்: தாலமி, அல்ஃபோன்சஸ், அர்ஸாகல். ரிச்சியோலி என்ற இத்தாலியப் பாதிரியார் 1651-ல் வெளியிட்ட நூலில் நிலவின் குழிகளுக்கு அறிஞர்களின் பெயர்களைச் சூட்டினார். பெரும்பாலும் அவையே இன்றும் வழங்குகின்றன. அர்ஸாகல் என்பது ஸ்பெயினின் துலைத்துலா நகரில் பதினோராம் நூற்றாண்டில் கிரக அட்டவணைகள் வகுத்த அஸ்ஸர்காலீயின் பெயர். அல்ஃபோன்சஸ், அவருக்கு இரண்டு நூற்றாண்டு பின்னர் புதிய அட்டவணைகள் செய்வித்த ஸ்பானிய மன்னர். தாலமிக்குக் கிழக்கே ‘அல்பதேக்னியஸ்’. ரக்கா நகரிலிருந்து வானத்தை அளந்த அல்பத்தானீ. அர்ஸாகலுக்குத் தெற்கே ‘தெபித்’; ஹர்ரானில் பிறந்து பக்தாதில் பணியாற்றிய தாபித் இப்னு குர்ரா. ஸாபியீன் சமயத்தவரான அவரைக் கலீஃபாக்கள் போற்றி வைத்திருந்தனர். சிறு துளை வழியே விழும் ஒளியில் சூரிய கிரகணம் பிறைவடிவாய்த் தெரிகிறதே, நிலவின் பிறை ஏன் அவ்வாறு தெரிவதில்லை என்று கேட்டு ஒரு நூலே எழுதியவர் இப்னுல் ஹைதம். அவருடைய ‘அல்ஹாஸன்’ குழி நிலவின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது; அதற்கு மூன்றாம் நான்காம் பிறையே போதும். அர்ஸாகல் ஏறத்தாழ 100 கி.மீ. அகலம். ஆறு அங்குலத் தொலைநோக்கியில், அதன் உட்சுவரின் படிக்கட்டுகளும், நடுவில் எழுந்து நிற்கும் மலையும், அம்மலையின் நிழலும் நன்றாக விழும்.